கோட்லினில் ஒரே கோட், மூன்று தளங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கோட்லின் கோடைப் பல தளங்களில் ஓட்ட உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 'ஸ்டேபிள்' ஆகிவிட்டது என்று, அந்த மொழியை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், சர்வர் மூன்றுக்கும் ஒரே மொழி என்பது சென்னையின் சின்னக் குழுக்களுக்குப் பெரிய வரம். நான்கைந்து பேர் உட்கார்ந்து டெலிவரி ஆப் செய்யும் இடத்தில், விலைக் கணக்கையும் வரியையும் மூன்று முறை எழுத ஆள் ஏது? ஆனால் கோட் ஒன்றானாலும் அது ஓடும் இடம் மூன்று. பொதுக் கோட் இருக்கும் காமன்மெயினில் கம்பைல் ஆனதுமே மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். கீழே வரும் தவறுகளில் பல அந்த நம்பிக்கையிலிருந்து வருபவைதான்.

தமிழ் எழுத்தை எண்ணுவது

'சென்னை' என்ற சொல்லின் நீளத்தைக் கோட்லினில் கேட்டால் 6 என்று சொல்லும். ஐபோன் ஆப்கள் எழுதும் மொழியான ஸ்விஃப்டில் கேட்டால் 3. இரண்டுமே சரிதான். கோட்லின் யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது: ச, அதன் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு. ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுகிறது. 'பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்ற சோதனை ஐஓஎஸ் திரையில் ஸ்விஃப்டிலும் சர்வரில் கோட்லினிலும் இருந்தால், ஐபோன் ஏற்றுக்கொண்ட பெயரைச் சர்வர் திருப்பி அனுப்பும். சுருக்கிக் காட்ட முதல் 5 அலகை வெட்டினால் திரையில் 'சென்ன' என்று நிற்கும். நீளச் சோதனையைப் பொது மாட்யூலில் ஒரே ஒரு ஃபங்ஷனாக வையுங்கள். வெட்டும் வேலைக்கு எக்ஸ்பெக்ட்/ஆக்சுவல் (பொதுவில் அறிவிப்பு, ஒவ்வொரு தளத்திலும் தனிச் செயலாக்கம்) எழுதி, சர்வர் ஓடும் ஜேவிஎம்மிலும் ஆண்ட்ராய்டிலும் எழுத்து எல்லைகளைக் கண்டுபிடிக்கும் பிரேக்இட்டரேட்டரைப் பயன்படுத்துங்கள்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது ஒன்று உண்டு. 'கொளத்தூர்' என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடாகவும் வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கோட்லினின் இரட்டைச் சமக்குறி இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும்; ஸ்விஃப்ட் ஒன்று என்று சொல்லும். விளைவு, ஐபோன் திரையில் ஸ்விஃப்டில் எழுதிய வடிகட்டலில் கிடைக்கும் கொளத்தூர் முகவரி, சர்வர் தேடலில் கிடைக்காது. டேட்டாவைப் பார்ப்பவர், 'அட்ரஸ் இருக்கிறதே, ஏன் வரவில்லை' என்று டேட்டாபேஸைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார். கோட்லினின் பொது நூலகத்தில் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் நார்மலைசர் கிடையாது. சர்வருக்குள் நுழையும் எல்லாத் தமிழ் உரையையும் ஜாவாவின் நார்மலைசரால் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்ந்த) வடிவத்துக்கு மாற்றியே சேமியுங்கள். தேடல் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை.

ரூபாயைக் காட்டுவதிலும் இதே கதை. போனில் யூனிகோட் நூலகமான ஐசியுவின் ஃபார்மேட்டர் 1,00,000 என்று நம் வழக்கப்படி பிரிக்கும். சர்வரின் ஜாவா டெசிமல்ஃபார்மேட்டுக்கு ஒரே ஒரு பிரிப்பு அளவுதான் தெரியும் என்பதால் 100,000 என்று எழுதும். திரையில் ஒன்று, பிடிஎஃப் பில்லில் இன்னொன்று. கடைசி மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக: இதைப் பொது மாட்யூலில் பத்து வரியில் எழுதிவிடலாம். தொகையை டபுளில் வைக்காமல் பைசாவாக லாங்கில் வையுங்கள்.

கேன்சலேஷனை விழுங்குவது

டெலிவரி ஆள் எங்கே வருகிறார் என்று 5 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும் லூப். நெட் போனாலும் நிற்கக்கூடாது என்று, டிலே (5 விநாடி காத்திருப்பு) உட்பட லூப்பின் முழு உடலையும் டிரைக்குள் வைத்து, எக்ஸப்ஷன் எதுவானாலும் பிடித்து லாக் எழுதிவிட்டு மறுபடி சுற்ற விடுகிறார்கள். பயனர் திரையை மூடியதும், லூப்பை ஓட்டும் கோரூட்டீன் (நடுவில் நின்று தொடரக்கூடிய இலகுவான வேலை) கேன்சல் ஆகிறது. அந்தச் செய்தி கேன்சலேஷன் எக்ஸப்ஷனாகத்தான் வருகிறது. கேட்ச் அதை விழுங்கிவிடுகிறது. அதன்பின் டிலேயும் 5 விநாடி காத்திருக்காது, உடனே அதே எக்ஸப்ஷனை எறியும். லூப் மூச்சுவிடாமல் சுற்றும். போன் சுடும், பேட்டரி இறங்கும்.

கேன்சலேஷன் எக்ஸப்ஷனை முதலில் தனியாகப் பிடித்து, மறுபடி எறியுங்கள். பொது எக்ஸப்ஷனுக்கான கேட்ச் அதற்குக் கீழே வரட்டும். லூப்பின் நிபந்தனையை 'இஸ்ஆக்டிவ்' ஆக்குங்கள். எல்லாப் பிழையையும் பிடிக்கும் ரன்கேட்சிங்கும் கேன்சலேஷனை விழுங்கும் என்பதால், கோரூட்டீனுக்குள் நின்று காத்திருக்கக்கூடிய சஸ்பெண்ட் ஃபங்ஷனைச் சுற்றி அதைப் போடாதீர்கள். நேர வரம்புக்கு வித்டைம்அவுட்ஆர்நல் வசதியானது: நேரம் முடிந்தால் நல் கிடைக்கும், எக்ஸப்ஷன் குழப்பம் வராது.

திரெட்டும் கனெக்‌ஷனும்

கோட்லின் சர்வர் ஃபிரேம்வொர்க்கான கேட்டாரின் (Ktor) நெட்டி எஞ்சின் சிபியு கோர் எண்ணிக்கையை ஒட்டிய சில திரெட்டுகளிலேயே எல்லா ரிக்வெஸ்ட்டையும் ஓட்டுகிறது. ஹேண்ட்லருக்குள் திரெட்டை நிறுத்திவைக்கும் ரன்பிளாக்கிங் போட்டாலோ ஜேடிபிசி (டேட்டாபேஸை அழைக்கும் ஜாவா வழி) குவெரியை நேரடியாக அழைத்தாலோ, 4 கோர் மெஷினில் நாலைந்து மெதுவான குவெரி போதும், சர்வர் முழுக்க நின்றுவிடும். அதற்காக எல்லாவற்றையும், காத்திருக்கும் வேலைகளுக்கான திரெட் தொகுப்பான டிஸ்பேச்சர்ஸ் ஐஓவுக்கு மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அதன் இயல்பு வரம்பு 64 திரெட். டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிரும் ஹிகாரியின் இயல்பு பூல் 10 கனெக்‌ஷன். மீதி 54 பேர் வரிசையில் நிற்பார்கள், 30 விநாடி ஆனதும் 'கனெக்‌ஷன் கிடைக்கவில்லை' என்று விழுவார்கள். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை மட்டுப்படுத்தும் லிமிடெட் பாரலலிசத்தால் பூல் அளவுக்கே ஒரு தனி டிஸ்பேச்சர் செய்து, டேட்டாபேஸ் வேலையை அதில் மட்டும் ஓட்டுங்கள்.

பூலை 10-இலிருந்து 50 ஆக்குவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள்: ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு பேமெண்ட் கேட்வேயை அழைக்கிறீர்களா? கேட்வே பதில் சொல்ல 3 விநாடி எடுத்தால், 10 கனெக்‌ஷனில் விநாடிக்கு மூன்று ஆர்டருக்குச் சற்றே மேல்தான் தாங்கும். ஆர்டரை 'காத்திருப்பு' என்று எழுதி ட்ரான்ஸாக்‌ஷனை மூடுங்கள், பிறகு கேட்வேயை அழையுங்கள், பதில் வந்ததும் புதிய ட்ரான்ஸாக்‌ஷனில் நிலையை மாற்றுங்கள்.

பழைய ஆப்பை மறப்பது

சர்வரும் ஆப்பும் ஒரே டேட்டா கிளாஸைப் பகிர்வதால் இரண்டும் எப்போதும் பொருந்தியே இருக்கும் என்று தோன்றும். சர்வரை இன்றிரவு மாற்றிவிடலாம். ஆறு மாதமாக அப்டேட் செய்யாத போனை என்ன செய்வது? ஜேசனை டேட்டா கிளாஸாக மாற்றும் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன், தெரியாத ஃபீல்டைக் கண்டால் இயல்பாகவே எக்ஸப்ஷன் எறியும். முதல் வெளியீட்டிலேயே 'இக்னோர் அன்நோன் கீஸ்' இயக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப்புக்கு அது போய்ச் சேராது. ஆர்டர் நிலை போன்ற ஈனமுக்கு (enum, குறிப்பிட்ட மதிப்புகளின் பட்டியல்) 'தெரியாதது' என்ற மதிப்பை டிஃபால்டாகக் கொடுத்து, தெரியாத மதிப்பை டிஃபால்டாக மாற்றும் 'கோயர்ஸ் இன்புட் வேல்யூஸ்' அமைப்பையும் இயக்குங்கள். டிஃபால்ட் மதிப்புள்ள ஃபீல்டுகள் ஜேசனில் எழுதப்படாது என்பதும் நினைவிருக்கட்டும்: அளவு 1 என்பது டிஃபால்டாக இருந்தால், அதைப் படிக்கும் வேறு மொழி ரிப்போர்ட் புரோகிராமுக்கு அளவே தெரியாது.

டேட்டாபேஸ் அட்டவணையின் வரியைக் குறிக்கும் கிளாஸான என்டிட்டியைப் பொது மாட்யூலில் வைக்காதீர்கள். பாஸ்வேர்ட் ஹேஷ் ஆப் வரைக்கும் போய்விடும்.

ஸ்விஃப்ட் எல்லை, நேரம், சோதனை

கோட்லின் எக்ஸப்ஷன் ஸ்விஃப்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த ஃபங்ஷனில் த்ரோஸ் அனோட்டேஷன் வேண்டும். இல்லாவிட்டால் ஆப் அங்கேயே கிராஷ் ஆகும். ஸ்விஃப்ட் பக்கம் கேட்ச் எழுதியும் பயனில்லை. சஸ்பெண்ட் ஃபங்ஷனில் அனோட்டேஷன் இல்லையென்றால் கேன்சலேஷன் மட்டுமே பிழையாகக் கடக்கும். எல்லையில் நிற்கும் ஃபங்ஷன்கள் எக்ஸப்ஷனுக்குப் பதிலாக வெற்றி, தோல்வி என்ற இரண்டே வகையுள்ள சீல்டு கிளாஸைத் திருப்பித் தருவது நல்லது.

கண்டெய்னர்கள் பெரும்பாலும் யுடிசியில் ஓடும். உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடும். தேதியான லோக்கல்டேட்டைச் சிஸ்டம் நேர மண்டலத்தில் எடுத்தால், நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழும். இன்ஸ்டன்ட்டாக (நேர மண்டலம் சாராத நேரப் புள்ளியாக) சேமியுங்கள், நாள் பிரிக்கும்போது 'ஏசியா/கொல்கத்தா' என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

கடைசியாகச் சிஐ, அதாவது கோட் மாறும்போது தானாக ஓடும் சோதனை. லினக்ஸ் ரன்னரில் ஜேவிஎம் டெஸ்ட் மட்டும் பச்சையாக வந்தால் மேலே சொன்ன வேறுபாடுகளில் பல பிடிபடாது. ஐஓஎஸ் ஃபிரேம்வொர்க்கை லிங்க் செய்யவும் சிமுலேட்டர் டெஸ்ட்டை ஓட்டவும் மேக்கும் எக்ஸ்கோடும் தேவை. மேக் ரன்னரின் கட்டணம் கையைக் கடித்தால் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓட்ட வேண்டாம், மெயின் கிளையில் மெர்ஜ் ஆகும்போது ஓட்டுங்கள். கொளத்தூரை இரண்டு விதமாகவும் எழுதிய ஒரு டெஸ்ட், அதிகாலை 2 மணி ஆர்டர் ஒன்று, தெரியாத ஃபீல்டுள்ள ஜேசன் ஒன்று: டெஸ்ட்டுகளில் முதலில் இந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.