தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை: கலிஃபோர்னியாவில் ஷெரிஃப் வழியாக வசூலிக்கும் முறை

வழக்கில் ஜெயித்தவருக்கு நீதிமன்றமே பணத்தை வாங்கிக் கொடுக்காது. வசூலிப்பது கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரிஃப் அலுவலகத்தின் சிவில் பிரிவு. ஆனால் கடனாளிக்கு எந்த வங்கியில் கணக்கு, எங்கே வேலை என்று அவர்கள் துப்புத் துலக்க மாட்டார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததை எழுதியபடியே செய்வார்கள். அதனால் வேலையில் பாதிக்கு மேல் உங்கள் மேசையில்தான் நடக்கிறது.

தீர்ப்புக்கு முந்தைய கட்டத்திலிருந்தே பார்ப்போம்: முதலில் சம்மன். ஸ்மால் கிளெய்ம்ஸ் எனும் சிறு தொகை வழக்கில் எதிராளி அதே கவுண்டியில் இருந்தால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பும், வேறு கவுண்டி என்றால் 20 நாள் முன்பும் நேரில் கொடுத்தாக வேண்டும். ஷெரிஃபிடம் கொடுக்கும்போது எதிராளியின் அடையாளம், காரின் நிறம், வீட்டில் இருக்கும் நேரம், கேட் இருந்தால் அதைத் திறக்கும் வழி எல்லாவற்றையும் எஸ்இஆர்-001 படிவத்தில் எழுதுங்கள். ஆள் அகப்படாமல் போனாலும் அவர்கள் அலைந்ததற்கான கட்டணம் திரும்ப வராது. இரவில் மட்டுமே வீடு திரும்புபவர் என்றால், பதிவு பெற்ற தனியார் சம்மன் சேவகரை அமர்த்துவதே மேல்.

தீர்ப்பு வந்து, ஸ்மால் கிளெய்ம்ஸ் என்றால் மேல்முறையீட்டுக்கான 30 நாளும் கழிந்த பிறகு, ஈஜே-130 படிவத்தில் ரிட், அதாவது ஜப்தி செய்ய ஷெரிஃபுக்கு அதிகாரம் தரும் நீதிமன்ற ஆணை, வாங்குங்கள். ஒரு ரிட் ஒரு கவுண்டிக்குத்தான் செல்லும். வாங்கிய 180 நாளுக்குள் ஜப்தி நடந்துவிட வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது பெயரில். தீர்ப்பில் ‘எஸ். முருகன்’, வங்கியில் ‘முருகன் சுப்பிரமணியன்’ என்று இருந்தால் வங்கி ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். இன்ஷியல், அப்பா பெயர், முன்பின் மாறிய பெயர் இவற்றையெல்லாம் ரிட்டில் சேர்க்க ‘அஃபிடவிட் ஆஃப் ஐடென்டிட்டி’ என்ற உறுதிமொழிப் பத்திரம் உண்டு. இரு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று காட்டும் ஆதாரங்களோடு, ரிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே தாக்கல் செய்யுங்கள்.

வங்கிக் கணக்கை ஜப்தி செய்தால், ஆணை போய்ச் சேரும் வேளையில் கணக்கில் என்ன இருக்கிறதோ அது மட்டுமே சிக்கும். மறுநாள் விழும் பணம் சிக்காது. கடனாளிக்கு எப்போது பணம் வருகிறது என்று தெரிந்தால் அதை ஒட்டி நாள் பாருங்கள். அவர் முன்பு கொடுத்த காசோலையின் நகல் இருந்தால் வங்கியைத் தேட வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் இத்தகைய ஆணைகளை வாங்குவதற்கென்று ஓர் இடத்தைக் குறித்து வைத்திருக்கும். அந்த இடம் இருக்கும் கவுண்டியின் பெயரில் ரிட் வாங்க வேண்டும். பக்கத்துக் கிளைதானே என்று உள்ளூர் கவுண்டிக்கு வாங்கிவிட்டுத் திரும்ப அலைபவர்கள் உண்டு.

சம்பள ஜப்திக்கு டபிள்யூஜி-001 படிவம். முதலாளி கையில் ஆணை சேர்ந்த 10 நாளுக்குப் பிறகு முடியும் சம்பளக் காலத்திலிருந்து பிடித்தம் தொடங்கும்; கடன் தீரும்வரை தொடரும். கட்டாயப் பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில் 20 சதவீதம், அல்லது ஒரு மணிநேரக் குறைந்தபட்சக் கூலியின் 48 மடங்கை வாரச் சம்பளம் தாண்டும் தொகையில் 40 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவே உச்சம். குழந்தை ஜீவனாம்சப் பிடித்தம் ஏற்கெனவே இருந்தால் அதற்கே முதலிடம். நிலையான வேலையில் இருப்பவரிடம் இந்த வழிதான் நிச்சயமானது.

வங்கியில் பிடித்த பணம் உடனே உங்களிடம் வராது. 2020 செப்டம்பரிலிருந்து, தனிநபர் கணக்கில் ஓர் அடிப்படைத் தொகையை வங்கி தானாகவே விட்டுவைக்க வேண்டும். அந்தத் தொகை ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று மாறும். மீதிக்கும் விலக்குக் கேட்கக் கடனாளிக்கு 15 நாள், நோட்டீஸ் தபாலில் போயிருந்தால் 20 நாள் உண்டு. அப்படி அவர் கேட்டதாக ஷெரிஃப் உங்களுக்குத் தபால் அனுப்பினால் அன்றே பிரியுங்கள். அதில் குறித்த கெடுவுக்குள் ஈஜே-170 முதலான படிவங்களில் எதிர்ப்பைத் தாக்கல் செய்யாவிட்டால், பிடித்த பணம் அவருக்கே திரும்பிப் போய்விடும்.