கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு வீரரின் வளர்ச்சிக்கான பெருமையைப் பங்கிடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடர்பவர்களிடையே ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்ட் முடிந்ததும் ஒரே வாக்குவாதம் தலைதூக்குகிறது. தேர்வான வீரர்களைத் தாமே உருவாக்கியதாகக் கல்லூரிகள் அறிவிக்கின்றன. அவர்களைச் சிறுவயது முதல் பழக்கிய பள்ளிப் பயிற்சியாளர்களும், கோடைகால அணிகளை நடத்துபவர்களும், கட்டணம் பெற்றுத் தனியாகப் பயிற்சி அளிப்பவர்களும் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. யார் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை ஒரு ரசிகரே ஓரளவு துல்லியமாகக் கணக்கிட முடியும். அதற்கு ஆட்டப் புள்ளிவிவரங்களும், வீரர் கல்லூரிக்குள் நுழைந்த நாளைப் பற்றிய செய்திகளும், சற்றே பொறுமையும் போதும்.

முதலில் மூன்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறர் காணாத திறமையைக் கண்டெடுப்பது ஒன்று. எல்லோரும் விரும்பும் வீரரைத் தம் கல்லூரிக்கு வரச் செய்வது இன்னொன்று. வந்தவரை மேலும் சிறந்தவராக்குவது மூன்றாவது. டிராஃப்டில் தேர்வானவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பட்டியல்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 2010ஆம் ஆண்டு கென்டக்கி அணியிலிருந்து ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ், பாட்ரிக் பாட்டர்சன், எரிக் பிளெட்சோ, டேனியல் ஆர்ட்டன் ஆகிய ஐவர் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். பயிற்சியாளர் ஜான் கலிபாரி அங்கே பொறுப்பேற்றது 2009இல். பாட்டர்சனோ 2007இலேயே அக்கல்லூரியில் சேர்ந்துவிட்டவர். முதல் இடத்தில் தேர்வான வால், பள்ளி முடித்தபோதே நாட்டின் முன்னணி வீரர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றிருந்து, கல்லூரியில் ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடியவர். அப்படிப்பட்டவர்களை ஆண்டுதோறும் ஈர்ப்பது பெரிய திறமைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையை வளர்ச்சியின் கீழ் எழுதக் கூடாது.

கண்டெடுப்பதற்கு ஜா மொரான்ட் நல்ல சான்று. 2016இல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் நடந்த ஒரு முகாமில், முக்கிய அரங்கை விட்டுத் தின்பண்டம் வாங்கப் போன மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழகத் துணைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன், பக்கத்து அரங்கில் பந்து தட்டும் ஓசை கேட்டு எட்டிப் பார்த்தபோது மொரான்ட் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளில் அவர் டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் தேர்வானார். இதில் கேனுக்குரிய பங்கு தெளிவானது. அதே வேளையில், வீட்டுப் பின்புறத்தில் மகனைத் தொடர்ந்து பயிற்றுவித்த தந்தை டீ மொரான்ட்டின் உழைப்பு கேன் எட்டிப் பார்த்த அந்த நொடிக்கு முன்பே முடிந்திருந்த வேலை.

பெருமையைப் பங்கிடத் தொடங்கும் முன், வீரர் கல்லூரி வாசலை மிதித்த நாளில் எப்படி இருந்தார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, வயது, எத்தனை ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடுகிறார், பெற்றோர் விளையாட்டு வீரர்களா, எந்தெந்தக் கல்லூரிகள் உதவித்தொகை தர முன்வந்தன என்பவை போதும். பள்ளி வீரர்களுக்கு மதிப்பீட்டாளர்கள் தரும் நட்சத்திரக் குறியீடுகளையும் தரவரிசை எண்களையும் இரண்டாம் நிலைச் சான்றாகவே கொள்ள வேண்டும். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் நிறுவனங்கள் நடத்தும் இளையோர் போட்டித் தொடர்களில் கண்ணில் படுபவர்களே அவற்றில் பெரும்பாலும் மேலே வருகிறார்கள். காயத்தால் ஒரு கோடையைத் தவறவிட்டவரும், தாமதமாக உயர்ந்தவரும், வேறு நாட்டிலிருந்து வந்தவரும் கீழே போய்விடுகிறார்கள். மாறாக, உதவித்தொகை இடங்களின் எண்ணிக்கை அண்மைக்காலம் வரை அணிக்குப் பதின்மூன்றாக வரையறுக்கப்பட்டிருந்ததால், ஒரு பயிற்சியாளர் அவற்றுள் ஒன்றைத் தர முன்வந்தார் என்றால் தம் வேலையையே பணயம் வைத்து அந்த மதிப்பீட்டைச் செய்திருக்கிறார் என்று பொருள். ஆகவே நட்சத்திரங்களைவிட அழைப்புகளின் பட்டியலையே நான் நம்புவேன்.

அடுத்து, உடல் தானாக வளர்ந்ததையும் ஆட்டத்திறன் கற்பிக்கப்பட்டதையும் பிரிக்க வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த ஆன்டனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளிக் காலத்திலேயே ஏழெட்டு அங்குலம் உயர்ந்தார். அதற்கு முன் பந்தை நகர்த்திச் செல்லும் கார்டாக ஆடிப் பழகியிருந்ததால் பந்தைக் கையாளும் நளினமும், அதன் பிறகு நெடிய கைகளும் ஒருசேர அமைந்தன. 2011இல் அவர் கென்டக்கிக்கு வந்தபோது இவ்விரண்டும் அவரிடம் இருந்தன. 2012இல் அணி தேசியக் கோப்பையை வென்றது, அவரும் டிராஃப்டில் முதல் இடத்தில் தேர்வானார். புள்ளி எடுப்பதை முன்னிறுத்தாமல் டேவிஸின் தடுப்பாட்டத்தை மையமாகக் கொண்டு அணியைக் கட்டியதில் பயிற்சியாளருக்குப் பங்கு உண்டு. அந்த உயரத்தில் எவருக்கும் பங்கு இல்லை.

இனி வருவதுதான் இந்தக் கணக்கின் மிக முக்கியமான பகுதி. ஓர் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற சராசரி உயர்ந்தவுடன் வீரர் வளர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டுவது பரவலான வழக்கம். அந்தச் சராசரியை உயர்த்தும் காரணங்களுள் மிகப் பெரியது ஆடுவதற்குக் கிடைக்கும் நிமிடங்களே. எனவே புள்ளிகளை நிமிடங்களால் வகுத்து, முழு ஆட்ட நேரமான நாற்பதால் பெருக்கிப் பாருங்கள்.

விஸ்கான்சினின் ஃபிராங்க் காமின்ஸ்கியைப் பலரும் கல்லூரி வளர்ச்சியின் முன்மாதிரியாகச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் ஆட்டத்துக்கு 4.2 புள்ளிகள், மூன்றாம் ஆண்டில் 13.9, நான்காம் ஆண்டில் 18.8, 2015இல் நாட்டின் சிறந்த வீரர். இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் தாண்டியதாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டாம் ஆண்டில் அவர் ஆடியது சுமார் பத்து நிமிடங்கள். மூத்த வீரர்கள் படிப்பை முடித்து விலகியதும் அது சுமார் இருபத்தேழு நிமிடங்களானது. நாற்பது நிமிடக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 16 என்பது 20 ஆகியிருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம்தான், மும்மடங்கு அல்ல. அவரது உண்மையான பாய்ச்சல் யாரும் கவனிக்காத முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே நிகழ்ந்தது. அப்போது அதே கணக்கு ஏறக்குறைய 9இலிருந்து 16 ஆனது. பயிற்சியாளர் போ ரயனுக்குப் பெருமை சேர வேண்டிய இடம் அதுவே. ஒரு வீரர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்த பயிற்சியின் பலன் அது.

பர்டூவின் ஸாக் ஈடியிடம் இதே கணக்கு வேறொரு செய்தியைச் சொல்கிறது. டொரோன்டோவில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி வளர்ந்து, கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்த ஏழடி நான்கங்குல உயரக்காரர் அவர். பள்ளி முடித்தபோது தரவரிசையில் நானூறுக்கும் பின்னால் இருந்தார். இரண்டாம் ஆண்டில் 14.4 புள்ளிகள், மூன்றாம் ஆண்டில் 22.3, நான்காம் ஆண்டில் 25.2 எனச் சராசரி ஏறியது; 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த வீரர் விருதுகள் அவருக்கே. ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர் ஆடியது சுமார் 19 நிமிடங்கள், அதன்பின் சுமார் 32. நிமிடத்துக்கு எடுத்த புள்ளிகளில் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் இடையே உயர்வு இல்லை. சற்றே குறைவுகூட இருந்தது. அப்படியானால் எது வளர்ந்தது? அத்தகைய பேருடலோடு, விதிமீறல்களால் (ஃபவுல்) வெளியேற்றப்படாமல், மூச்சு வாங்காமல் முப்பத்திரண்டு நிமிடங்கள் களத்தில் நிற்கும் ஆற்றல்தான். ஆகவே பர்டூவுக்குரிய பெருமையைப் பங்கிடும்போது தலைமைப் பயிற்சியாளர் மாட் பெயின்டரோடு உடற்பயிற்சிப் பிரிவினருக்கும் பெரும் பங்கை எழுத வேண்டும். இத்தகைய பணியாளர்களின் பெயர் பட்டியல்களில் வருவதே இல்லை.

நிமிடங்களைக் கழித்த பிறகு எஞ்சுவதைத் திறன்வாரியாகப் பாருங்கள். எதிராளியின் குறுக்கீடு இல்லாத ஃப்ரீ த்ரோவின் விழுக்காடு எறியும் முறையின் நேர்மையான அளவுகோல். மூன்று புள்ளி முயற்சிகளின் எண்ணிக்கையும் வெற்றி விழுக்காடும், அசிஸ்டுகளுக்கும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிவகுத்த பாஸ்கள்) பந்தை இழந்த தடவைகளுக்கும் உள்ள விகிதமும் அடுத்தவை. ஓர் எண் எந்தச் சீருடையில் மாறியது என்று பாருங்கள், பெரும்பாலான சச்சரவுகள் அங்கேயே முடிந்துவிடும். சான் டியேகோ ஸ்டேட்டில் இரண்டு பருவங்கள் ஆடிய கவாய் லெனார்ட் மூன்று புள்ளி எறிதலில் முப்பது விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2011 டிராஃப்டில் பதினைந்தாம் இடத்தில் தேர்வாகி அன்றே என்.பி.ஏ. அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு மாற்றப்பட்ட அவர், முதல் பருவத்திலேயே 37 விழுக்காட்டைத் தாண்டினார். அங்கே எறிதல் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிப் எங்கலண்ட். லெனார்டின் தடுப்பாட்டத்திலும், கூடையில் விழாத பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டிலும் கல்லூரிக்குப் பங்கு உண்டு என்பதையும், எறிதலுக்கான பங்கு ஸ்பர்ஸையே சேரும் என்பதையும் ஒரே நேரத்தில் சொல்வதில் முரண்பாடு ஏதும் இல்லை.

அணியில் ஒதுக்கப்பட்ட பாத்திரம் திறமையை மறைத்துவிடும் சூழலும் உண்டு. டெவின் புக்கர் 2014-15இல் கென்டக்கியில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடவில்லை. சராசரி பத்துப் புள்ளிகள். அந்த அணியில் இரண்டு ஐவர் குழுக்கள் மாறி மாறி இறங்கின. இரண்டே ஆண்டுகளில், இருபது வயதில், என்.பி.ஏ. அணியான ஃபீனிக்ஸுக்காக பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் எடுத்தார். கென்டக்கிதான் அவரை உருவாக்கியது என்பதையும் அவரை வீணடித்தது என்பதையும் நான் ஏற்பதில்லை. மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆட்டத்தை வழிநடத்தும் பாயின்ட் கார்டாக ஆடிய தந்தை மெல்வினிடம் பயிற்சி பெற்றவர், எறியும் கையோடுதான் கல்லூரிக்கு வந்தார். பந்தை நாள்தோறும் தம் கையில் வைத்திருக்கும் வாய்ப்பு ஃபீனிக்ஸில்தான் கிடைத்தது.

கல்லூரி மாறும் வீரர்களின் கணக்கு இப்போது மிகவும் சிக்கலாகிவிட்டது. 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொடங்கியது. 2021இல் ஒருமுறை மாறுபவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்ற நிலை வந்தது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என விதி தளர்ந்தது. நாற்றங்கால் ஒருவருடையது, அறுவடை மற்றொருவருடையது என்பதே இன்று பல அணிகளின் நிலை. டால்டன் கனெக்ட் கொலராடோவின் நார்த்ஈஸ்டர்ன் ஜூனியர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளும், நார்தர்ன் கொலராடோவில் இரண்டு ஆண்டுகளும் ஆடிவிட்டு, ஐந்தாம் ஆண்டில்தான் டென்னசிக்கு வந்தார். 2024 டிராஃப்டில் பதினேழாம் இடத்தில் தேர்வானபோது அவர் பெயருக்கு அருகே இருந்தது டென்னசி மட்டுமே. முந்தைய பருவத்தில் ஏறக்குறைய இருபதாக இருந்த அவரது சராசரி, டென்னசியில் இரண்டு புள்ளிக்கும் குறைவாகவே உயர்ந்தது. எதிரணிகள் வலுவாக இருந்த தொடரில் அந்தச் சராசரியைக் காப்பாற்றியதே பெரிது என்பதால் டென்னசிக்கு ஒரு பங்கு தரலாம். யாரும் அழைக்காத இளைஞரை இருபது புள்ளி வீரராக்கிய நான்கு ஆண்டுகள் முன்னைய இரு கல்லூரிகளுக்கும் உரியவை. இவ்வாறு ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்தபோது இருந்ததையும் போகும்போது இருந்ததையும் எழுதி, வேறுபாட்டை மட்டும் அந்தந்தக் கல்லூரியின் பெயரில் வையுங்கள்.

ஒரு பயிற்சியாளரைப் பொதுவாக மதிப்பிட வேண்டுமானால், அவர் சேர்த்துக்கொண்ட ஓர் ஆண்டின் வீரர்கள் அனைவரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தேறியவர்களை மட்டும் அல்ல. நான்கு பேரில் ஒருவர் என்.பி.ஏ.வுக்குப் போய், மற்ற மூவர் ஓராண்டிலேயே போர்ட்டல் வழியாக வெளியேறியிருந்தால், அந்த மூவரும் சென்ற இடத்தில் எப்படி ஆடினார்கள் என்று பாருங்கள். வேறிடத்தில் அவர்கள் மலர்ந்திருந்தால் கேள்வி முதல் கல்லூரியை நோக்கித் திரும்ப வேண்டும்.

இந்த முறையை ஸ்டெஃபன் கரியிடம் பொருத்திப் பார்க்கலாம். என்.பி.ஏ.வில் பதினாறு பருவங்கள் ஆடிய தந்தை டெல், உயர்நிலைப் பள்ளிக் காலத்தின் ஒரு கோடையில் மகனின் எறியும் முறையை இடுப்பளவிலிருந்து தலைக்கு மேலாக மாற்றினார். எறிதலின் அடித்தளம் அவருடையது. தந்தை படித்த வர்ஜீனியா டெக், உதவித்தொகை தராமல், சொந்தச் செலவில் சேரலாம் என்று மட்டுமே சொன்னது. டேவிட்சன் கல்லூரிப் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் உதவித்தொகை கொடுத்து அழைத்தார். கண்டெடுத்த பெருமை அவருக்கு. முதல் ஆட்டத்தில் கரி பந்தை 13 முறை இழந்தும் அவரை உட்காரவைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள் வந்தன. முதலாண்டிலேயே 21.5 என்ற சராசரி, அவர் ஆயத்தமாக வந்தவர் என்பதைக் காட்டுகிறது. 2008 தேசியப் போட்டித் தொடரில் கான்சஸிடம் 59-57 என்று தோற்கும் வரை அணியைக் கொண்டுசென்ற பிறகு, மூன்றாம் ஆண்டில் மெக்கிலப் அவரைப் பாயின்ட் கார்டாக மாற்றியதும் அசிஸ்டுகள் ஏறக்குறைய இரு மடங்காயின. கல்லூரி தந்த வளர்ச்சி இந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 2011-12 பருவத்தில் கணுக்கால் காயத்தால் 26 ஆட்டங்களே ஆட முடிந்தவரை, பாரத்தை இடுப்பில் தாங்கப் பழக்கிய உடற்பயிற்சிகளால் மீட்டெடுத்து 2015, 2016 ஆண்டுகளின் என்.பி.ஏ. சிறந்த வீரராக்கிய பங்கு அவரது அணியான கோல்டன் ஸ்டேட்டின் பயிற்சிக் குழுவுக்கும் கரியின் விடாமுயற்சிக்கும் உரியது. டேவிட்சன் அதில் உரிமை கோர முடியாது.