படத்துக்கு மார்க் போடாதீர்கள்: கலைவழி வகுப்பில் நான் செய்த தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் பிள்ளைகளின் படங்களில் தங்க நிற நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நானும் பெட்டி பெட்டியாக ஒட்டியவள்தான். பிள்ளையைத் திட்டக் கூடாது, ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கலை வழியாகப் பாடம் நடத்தும் வகுப்பில் நான் செய்த நாலு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பரிசைக் காட்டி வரையச் சொல்வது

என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். மரத்துக்கு ஊதா நிறம் அடிப்பாள், மீனுக்குக் கால் வைப்பாள். ஒருநாள் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வீடு என்று வரைந்தாள். ஐந்து நட்சத்திரம் ஒட்டினேன். அப்புறம் மூன்று மாதம் அதே மலை, அதே வீடு! “டீச்சர், இதுக்கு எத்தனை ஸ்டார்?” என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலையே எடுப்பாள். அந்த ஊதா மரம் திரும்ப வரவே இல்லை. இன்றும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வை அன்றே படித்திருக்கலாம். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பும் மழலையர் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது சான்றிதழ் அல்ல, முன்கூட்டிக் கொடுத்த வாக்கு.

சரி, மார்க்கோடு நாலு வரி கருத்தும் எழுதினால்? 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் அதையும் சோதித்தார். கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. எண் தெரிந்ததும் எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இப்போது கேள்வி மட்டும் கேட்கிறேன்: “இந்த மூலையை ஏன் காலியாக விட்டாய்?”

கலையை வெள்ளிக்கிழமைக் கடைசி வேளைக்குத் தள்ளுவது

கைதட்டித் தாளம் போட்டால் பின்னம் புரிகிறது: நாலு தட்டில் ஒன்றை விட்டால் முக்கால். இலையைப் பார்த்து வரைகிற பிள்ளை நரம்புகளை எண்ணிவிடுகிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் உதவுகிறதை வாரக் கடைசியில் ஒதுக்கி என்ன பயன்?

கண்காட்சிக்காகத் திருத்துவது

பிள்ளையின் கோட்டின்மேல் உங்கள் கோடு வேண்டாம்.

“இஷ்டப்படி வரை” என்று விட்டுவிடுவது

வெறும் தாளைப் பார்த்துப் பாதிப் பேர் விழிப்பார்கள். இரண்டே நிறம் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள், யோசனை ஓடும்.

அந்த ஆசிரியையிடம் இதெல்லாம் சொன்னேன். “மிச்ச நட்சத்திரத்தை என்ன செய்ய, டீச்சர்?” என்றார். பிள்ளைகளிடமே கொடுக்கச் சொன்னேன். ஒருவன் அத்தனையையும் மீன் செதிலாக ஒட்டிவிட்டான்.