வீல்சேர் கை மேசையில முட்டுதா? கிரைண்டர எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

பேட்டரியில ஓடுற பவர் வீல்சேர் வாங்குன வீட்டுலயெல்லாம் கொஞ்ச நாள்ல ஒரே புகார்தான் வருது, மேசைக்கிட்ட போக முடியல, கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் இடிக்குது, தட்டு எட்டல, சோறு மடியில கொட்டுது. அதுக்கு ஆளாளுக்கு பண்ற வைத்தியத்தப் பாத்தா, நாங்க வீல்சேர் சரிபண்ற இந்த வேலைக்கு வந்த புதுசுல அடிச்ச அதே கூத்துதான், வரிசை கூட மாறல. நட்டு டைட் பண்ண மறக்குறது, அளவ எழுதி வைக்காம விடுறது இதெல்லாம் தானா சரியாயிரும், அதை விட்டுர்றேன். காசையும் தோள்பட்டையையும் காலி பண்றத மட்டும் சொல்றேன்.

முட்டுறது எதுன்னு பாக்காம ஆர்ம்ரெஸ்ட்ட அறுக்குறது

இதை நினைச்சாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

புதுவயல் பக்கம் ரைஸ்மில்லுல கணக்கு எழுதுற ஒரு தம்பி, சேர் புதுசு, நல்ல சேர். எங்கிட்ட வந்தப்ப வலது ஆர்ம்ரெஸ்ட்டோட முன்பக்கம் நாலு இன்ச்ச காணோம். கேட் அடிக்கிற பட்டறையில குடுத்து அறுத்துருக்காங்க. அவரோட அப்பா கூடவே வந்துருந்தாரு, "என்னண்ணே, நாலு இன்ச்சுதான, அஞ்சு நிமிஷ வேலைன்னான், சரின்னுட்டேன்"னாரு. அறுத்ததோட விட்டுருந்தா கூட பரவாயில்ல. சேர ஓட்டுற குமிழ்ப் பெட்டி, அதான் ஜாய்ஸ்டிக்கு, அதைத் தாங்குற பைப்பு அந்த ஆர்ம்ரெஸ்ட்டோட முன்முனையிலதான் சொருகியிருக்கும், முனை போனதும் அதுக்கு இடமில்ல, அதனால பின்னாடி தள்ளி ஒரு பட்டைய வச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க, அதுவும் சேர் மேலயே வச்சு, பேட்டரி ஒயர கழட்டாம, எர்த் கிளாம்ப்ப ஃப்ரேம்ல கவ்வ விட்டு. ஆர்க் வெல்டிங் கரண்ட் ஃப்ரேம் வழியா எங்கெங்க போகும்னு அந்தப் பட்டறைக்காரருக்கு தெரிய வேண்டியதில்ல, ஆனா சேருக்கு மூளையா இருக்க கன்ட்ரோலருக்கு தெரிஞ்சிருச்சு. சேர் செத்துப் போச்சு. பவர் சேர்ல பேட்டரி, மோட்டாருக்கு சமமா காசு புடுங்குற பார்ட் கன்ட்ரோலர்தான், அதை வரவழைச்சு மாட்டுற வரைக்கும் அந்தத் தம்பி பழைய தள்ளு சேர்ல இன்னொருத்தர எதிர்பாத்து உக்காந்துருந்தாரு.

இத்தனையும் பண்ணி மேசைக்குள்ள போச்சான்னா, போகல! ஏன்னா முதல்லயே இடிச்சது ஆர்ம்ரெஸ்ட் இல்ல, ஜாய்ஸ்டிக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. தரையிலேர்ந்து சீட்டு, குஷன் அமுங்குனது போக 20 இன்ச்சுன்னு வைங்க. அதுக்கு மேல ஆர்ம்ரெஸ்ட் 9 இன்ச்சு, ஆக 29. அதுக்கும் மேல ஜாய்ஸ்டிக் 3, 4 இன்ச்சு நட்டுக்கிட்டு நிக்கும், குமிழ் உச்சி 32, 33க்கு போயிரும். சாதாரண மேசை மேல்பலகை 29லேர்ந்து 30 இன்ச்சு, பலகை கனத்த கழிச்சா அடியில 28, 29. ஆர்ம்ரெஸ்ட்ட ஒண்ணு, ஒன்றரை இன்ச்சு இறக்குனா உள்ள நுழைஞ்சிரும், ஜாய்ஸ்டிக்கு எந்த ஜென்மத்துலயும் நுழையாது. அதுக்கு ஆர்ம்ரெஸ்ட்ட அறுக்குறது, பல்லு வலிக்கு காது குத்துன கதைதான்.

சந்தேகமா இருந்தா மேசை விளிம்புல சாக்பீஸ நல்லா தேய்ச்சு விட்டுட்டு, ஸ்பீட இருக்கறதுலயே கம்மியான பாயிண்டுல வச்சு சேர மெதுவா உள்ள ஓட்டுங்க. வெள்ளை எங்க ஒட்டியிருக்குன்னு பாருங்க. ஜாய்ஸ்டிக் பெட்டி மூஞ்சியிலயா, ஆர்ம்ரெஸ்ட் மேல இருக்க பேட் முனையிலயா, முழங்கால்லயா, இல்ல ஃபுட்ரெஸ்ட் போய் மேசை கால்ல நிக்குதா. எங்க ஒட்டுதோ அங்கதான் வேலை.

ஜாய்ஸ்டிக்குல ஒட்டுனா முதல் வேலைக்கு பைசா செலவில்ல. ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியில கைய விட்டுத் தடவுனா ஒரு திருகு குமிழோ அலன் போல்ட்டோ தட்டுப்படும், அதை லூஸ் பண்ணா ஜாய்ஸ்டிக் பைப்பு முன்ன பின்ன நகரும். பாதி பேருக்கு இது நகரும்னே தெரியாது, டெலிவரி குடுத்தவரு வச்ச இடத்துலயே வருசக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கும். அது பத்தலன்னா ஸ்விங்-அவே பிராக்கெட் வாங்குங்க. ஜாய்ஸ்டிக்க வெளிப்பக்கமா தள்ளுனா அப்படியே பக்கவாட்டுல போய் பின்னாடி ஒதுங்கிக்கும், முன்னாடி இழுத்தா பழைய இடத்துல வந்து நிக்கும். நல்ல பிராக்கெட்ல ஒதுங்குன நிலையிலயும் ஜாய்ஸ்டிக்கு முன்ன பாத்தபடிதான் இருக்கும், திசை மாறாது, அதனால அப்படியே ஓட்டலாம். உங்க சேர் மாடலுக்கு வர்றத கேட்டு வாங்குங்க. ஒதுங்குனப்ப சேரோட அகலம் கூடுங்கிறத மட்டும் மறந்துராதீங்க, நம்ம பழைய வீடுகள்ல பட்டாலைங்கிற கூடத்துலேர்ந்து அறைக்குள்ள போற கதவு ஒண்ணும் மாடு நுழையுற அகலமில்ல.

ரெண்டு ஆர்ம்ரெஸ்ட்டும் பின்னாடி மடங்குதே, அப்புறமென்னன்னு நினைக்கிறது

மடங்கும். மடக்குனா ஜாய்ஸ்டிக்கும் சேந்து தோளுக்குப் பின்னாடி போயிரும். உள்ள போறப்ப யாரோ மடக்கி விட்டுத் தள்ளி விடுவாங்க, வெளிய வரணும்னா? கூப்புட்டுக்கிட்டே இருக்கணும். பவர் சேர் வாங்குனதே யாரையும் கூப்புடக் கூடாதுன்னுதான. ஜாய்ஸ்டிக் இல்லாத பக்கத்த மடக்குங்க, ஜாய்ஸ்டிக் பக்கத்த ஒதுக்குங்க.

மேசைக்குக் கட்டை குடுக்குறது

சேர்ல கை வைக்க பயந்துக்கிட்டு நாலு காலுக்கும் மரக்கட்டை குடுத்து மேசைய 34 இன்ச்சுக்கு தூக்கிடுவாங்க. சேர் நல்லா உள்ள போகும், சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா முழங்கை 29 இன்ச்சுல இருக்க, கீபோர்டு அஞ்சு இன்ச்சு மேல இருக்கு. நாள் பூரா தோள ஏத்தி வச்சுக்கிட்டே டைப் அடிக்கணும், சாயந்தரம் கழுத்து புடிச்சுக்கும். போதாக்குறைக்கு கீழ வழவழன்னு ஆத்தங்குடி டைல்ஸ், சேர் லேசா இடிச்சாலே கட்டையோட மேசை வழுக்கும்.

நம்ம ஊரு தேக்கு மேசையில இன்னொரு வில்லங்கம் இருக்கு. மேல்பலகைக்கு அடியில சுத்தி ஒரு பட்டைப்பலகை வரும், பூ வேலை போட்டு நாலு இன்ச்சு இறங்கும், நடுவுல டிராயர் வேற. மேசை 30 இன்ச்சு உயரம்தான்னு நினைப்போம், நுழையுற இடம் 25தான் இருக்கும். முழங்காலே போகாது. அமெரிக்காவுல ஏடிஏங்கிற மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க, முழங்காலுக்கு 27 இன்ச்சு உயரமும் 30 இன்ச்சு அகலமும் குறைஞ்சபட்சம். அதை வச்சு அளந்து பாத்தா பழைய மேசைங்க தேறாது. டிராயர கழட்டுறது ஒரு வழி. பட்டைய அறுக்கலாமான்னு கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சிகிட்ட கேட்டுட்டேன், "அது பர்மா தேக்கு தம்பி, வேணும்னா உன் கைய அறுத்துக்க"ன்னாங்க. அவங்க சொன்னதும் சரிதான். பட்டை இல்லாத சாதாரண பிளைவுட் மேசை ஒண்ணு அடிச்சுக் குடுத்தோம், வேலை முடிஞ்சிது.

அரசு ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க இதுக்கு சொந்தக் காசு போடணும்னு இல்ல. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, ஊழியருக்கு வேண்டிய வசதிய அரசு அலுவலகமே பண்ணித் தரணும்னு இருக்கு. அளவப் போட்டு எழுதிக் குடுங்க.

குஷன் இல்லாம, ஆள் உக்காராம அளக்குறது

காலி சேர அளக்காதீங்க.

எல்லாருக்கும் டெஸ்க் லெங்த் ஆர்ம்ரெஸ்ட்

முன்பக்கம் குட்டையா, இல்ல படி மாதிரி இறங்கி வர்ற ஆர்ம்ரெஸ்ட்டத்தான் டெஸ்க் லெங்த்ம்பாங்க. மேசைக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா கைய ஊனி எந்திரிச்சு கட்டிலுக்கு மாறுறவங்களுக்கு அந்த முன்முனைதான் ஊன்றுகோலு, அது இல்லன்னா பாதியில தொப்புன்னு உக்காந்துருவாங்க. அவங்களுக்கு முழு நீள ஆர்ம்ரெஸ்ட்டையே உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்குங்க. உயரத்தையும் மேசைக்காக கண்டபடி இறக்கிராதீங்க, தோள் தளர்வா இருக்கப்ப முழங்கை எங்க மடங்குதோ அதுதான் உயரம். இறக்குனா உடம்பு ஒரு பக்கமா சாயும், கையில பலம் இல்லாதவங்களுக்கு தோள் மூட்டே கீழ இழுபடும். தசை பலவீனம் இருக்கவங்க முழங்கையிலயே முழு பாரத்தையும் போட்டு உக்காருவாங்க, பேட் கட்டாந்தரையா இருந்தா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும், அதை சர்க்கரைன்னு நினைச்சு மாத்திரை தேடுறவங்களும் இருக்காங்க. முதல்ல பேட மாத்திப் பாருங்க, அப்பவும் நிக்கலன்னா டாக்டர பாருங்க.

பவர ஆஃப் பண்ணாம மேசையில உக்காருறது

ஜாய்ஸ்டிக்குல ஏதாவது பட்டாலே சேர் தன்னால நகர்ந்துரும். சேருக்கும் மேசைக்கும் நடுவுல நீங்க. ஆஃப் பண்ணுங்க.

கேபிள இறுக்கிக் கட்டுறது

மடங்குற இடத்துல, ஒதுங்குற இடத்துல ஒரு வளையம் தொங்கலா விட்டுட்டு கட்டுங்க. ஒயர் நசுங்குனா சேர் நடுரோட்டுல நிக்கும்.

கல்யாணப் பந்திய கணக்குலயே எடுக்காதது

வீட்டு மேசைக்கு எல்லாம் சரி பண்ணிட்டு, காரைக்குடியில ஒரு கல்யாணத்துக்குப் போனா மறுபடியும் முதல்லேர்ந்து. பந்தி மேசை மடக்கு மேசை, அடியில குறுக்குக் கம்பி ஓடும், மேல விரிச்ச பேப்பர்ல அது தெரியாது, முழங்கால்தான் கண்டுபுடிக்கும். ஓரத்து மேசையா பாத்து, கம்பி இல்லாத முனைப் பக்கமா உக்காருங்க. அப்புறம் நாம சாப்புடுறதும் வலது கை, ஓட்டுறதும் வலது கை. ஜாய்ஸ்டிக்கு இலைக்குப் பக்கத்துலயே நிக்கும், பரிமாறுறவரு ரசத்த ஊத்துறப்ப பாதி அது மேலதான். குமிழுக்கு அடியில இருக்க ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா ரசம் நேரா உள்ள இறங்கிரும், அப்புறம் உப்புப் பூத்து சேர் தன்னால ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். உறை கிழிஞ்சா உடனே மாத்துங்க, அது சின்ன செலவு. பந்தியில ஒரு பிளாஸ்டிக் கவர மாட்டி ரப்பர் பேண்டு போட்டுருங்க, பாக்குறவங்க பாத்துட்டுப் போறாங்க.

ஆர்ம்ரெஸ்ட்டப் புடிச்சு சேர திண்ணைக்குத் தூக்குறது

கழண்டு கையோட வரும். ஃப்ரேமப் புடிங்க, ஆள இறக்கிட்டுப் புடிங்க.