டிப்ளோமா இருக்கிறது, வேலை ஓப்பரேட்டர்: பினாங்கில் இந்த இடைவெளியை அடைப்பது எப்படி

பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் டெக்னீஷியன் கிடைப்பதில்லை என்று தொழிற்சாலைகள் சொல்கின்றன. அதே தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் டிப்ளோமா முடித்த நம் பிள்ளைகள் ஓப்பரேட்டராக நிற்கிறார்கள். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள். இரண்டுமே உண்மைதான். நடுவில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் சான்று: கை செய்யும் வேலையைத் தாள் சொல்வதில்லை. ஆகவே இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

உங்கள் வேலை எந்த எண்ணில் விழுகிறது?

நாட்டின் எல்லா வேலைகளுக்கும் மாஸ்கோ (MASCO) என்ற தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஓர் எண் உண்டு. 1 முதல் 3 வரை திறன்மிக்க வேலைகள்: மேலாளர், நிபுணர், டெக்னீஷியன். 4 முதல் 8 வரை பாதித்திறன்: குமாஸ்தா, விற்பனை, கைத்தொழில், மெஷின் ஓப்பரேட்டர். 9 அடிப்படை வேலை. டிப்ளோமா அல்லது பட்டம் பெற்றவர் 4 முதல் 9-க்குள் இருந்தால் அதுவே பொருத்தமின்மை. ஓப்பரேட்டர் 8, டெக்னீஷியன் 3. தொழிற்சாலையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பல நேரம் ஒரு மேசைதான். அலாரம் அடித்தால் ஆளைக் கூப்பிடுகிறவர் ஓப்பரேட்டர். அலாரத்துக்குக் காரணம் கண்டு சரிசெய்கிறவர் டெக்னீஷியன். கூப்பிடாமல் நீங்களே சரிசெய்கிறீர்கள் என்றால், 8-இன் சம்பளத்துக்கு 3-இன் வேலையில் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முப்பது விளம்பரங்கள், ஒரு தாள்

மைஃபியூச்சர்ஜாப்ஸ், ஜாப்ஸ்ட்ரீட் என்ற இரண்டு வேலைவாய்ப்புத் தளங்களிலும் பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான், கூலிம் என்று இடம் வைத்துத் தேடி, நீங்கள் விரும்பும் வேலைக்கான 30 விளம்பரங்களை எடுங்கள். பதவியின் பெயரை விட்டுவிட்டு 'பொறுப்புகள்' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். ஒரே வேலைக்கு ஒரு கம்பெனி 'எக்விப்மென்ட் டெக்னீஷியன்' என்கிறது, இன்னொன்று 'லைன் சப்போர்ட்' என்கிறது. பெயரை வைத்துத் தேடியவருக்குப் பாதி வேலைகள் கண்ணில் படாது. ஒவ்வொரு பணியும் எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். 30-இல் 10-க்கு மேல் வருபவை மட்டும் உங்களுக்கு வேண்டும். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று, தெரியும், சான்றும் உண்டு; இரண்டு, தெரியும், ஆனால் சான்று இல்லை; மூன்று, தெரியாது. பெரும்பாலானோர் மூன்றாவதைப் பார்த்துப் பயந்து கோர்ஸ் தேடி ஓடுகிறார்கள். நடுவில் உள்ளதுதான் சீக்கிரம் பலன் தரும்.

ஒரே விளம்பரம் அதே சம்பளத்தோடு மூன்று மாதமாகத் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே பற்றாக்குறை ஆளுக்கா சம்பளத்துக்கா என்று யோசியுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். டிப்ளோமாவும் மூன்று வருட அனுபவமும் கேட்டுவிட்டு அதற்குச் சற்று மேலே நிற்கும் விளம்பரத்தை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். மண்டரின் கேட்கும் விளம்பரங்கள் நம்மவர்களை மனம் சோர வைக்கின்றன. அதில் 'அவசியம்' என்றிருக்கிறதா, 'கூடுதல் தகுதி' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

'ஓப்பரேட்டர்' என்ற சொல்லைப் பிரித்து எழுதுங்கள்

வயர் பாண்டிங் வரிசையை எடுத்துக்கொள்வோம். தலைமுடியைவிட மெல்லிய, ஏறத்தாழ 25 மைக்ரான் கம்பியைச் சிப்பிலிருந்து அதைத் தாங்கும் உலோகச் சட்டமான லீட்ஃபிரேமுக்கு இழுத்து ஒட்டும் மெஷின் அது. கம்பி வெளியே வரும் பீங்கான் முனைக்குக் கேப்பிலரி என்று பெயர். அது தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ கம்பி ஒட்டாது, 'நான்-ஸ்டிக்' அலாரம் அடிக்கும். அனுபவமுள்ள அக்கா ஒருவர் கேப்பிலரியை மாற்றுவார், ஒட்டின் பலத்தை இழுத்துப் பார்க்கும் புல் டெஸ்ட்டும் தள்ளிப் பார்க்கும் ஷியர் டெஸ்ட்டும் எடுப்பார், எண் வரம்புக்குள் இருந்தால்தான் லாட்டை (அந்தத் தொகுதியை) விடுவார். ஆனால் அவருடைய ரெஸ்யூமேயில் இருப்பது ஒரே வரி: 'ஓப்பரேட்டர், வயர் பாண்ட், 4 வருடம்'.

ஆங்கிலமோ மலாயோ, எந்த மொழியில் எழுதினாலும் அந்த வரியில் இருக்க வேண்டிய சரக்கு இது: 'எட்டு வயர் பாண்ட் மெஷின்களைத் தனியாகக் கவனித்தேன். கேப்பிலரி மாற்றம், புராடக்ட் கன்வெர்ஷன் (வேறு புராடக்ட்டுக்கு மெஷினை மாற்றி அமைத்தல்), புல், ஷியர் சோதனைகள். நான்-ஸ்டிக் அலாரத்துக்குக் காரணம் கண்டு சரிசெய்தேன். கன்வெர்ஷன் நேரத்தை 50 நிமிடத்திலிருந்து 35-க்குக் குறைத்தேன்.' எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும், உண்மையாக இருக்கட்டும். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியே 'எப்படிக் குறைத்தீர்கள்?' என்றுதான் வரும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு மாதம், ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: தேதி, மெஷின் வகை, என்ன பிரச்சினை, என்ன காரணம், எத்தனை நிமிடத்தில் சரியானது. வாடிக்கையாளர் பெயர், புராடக்ட் எண், ரெசிப்பி (மெஷின் அமைப்பு) அளவுகள் எதையும் எழுதாதீர்கள். வரிசைக்குள் போட்டோவும் எடுக்காதீர்கள். இரகசியக் காப்பு மீறலுக்காக வேலை போனால் எந்தச் சான்றும் அதை ஈடுசெய்யாது.

வகுப்புக்குப் போகாமல் திறன் சான்றிதழ்

அனுபவம் இருந்து தாள் இல்லாதவர்களுக்கு அரசே திறந்து வைத்திருக்கும் கதவு பி.பி.தி., அதாவது முந்தைய அடைவை அங்கீகரித்தல். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை (ஜே.பி.கே.) இதன் வழியாக எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் தருகிறது. எஸ்.கே.எம். நிலை 1 முதல் 3 வரை. நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா.

முதலில் ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்தில் உங்கள் தொழிலுக்கான நோஸ் (தேசியத் தொழில் திறன் தரநிலை) ஆவணத்தைத் தேடுங்கள். அதில் ஒவ்வொரு நிலைக்கும் திறன் அலகுகளும் அவற்றுக்குள் பணிகளும் இருக்கும். நோட்டில் எழுதியதை அந்தப் பணிகளோடு ஒன்றுக்கொன்று பொருத்துங்கள். எதற்குப் பொருத்தம் இல்லையோ அந்த வேலையை அடுத்த சில மாதங்களில் கற்றுத் தரும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பிறகு ஆதாரக் கோப்பு: உங்கள் பெயரும் கையெழுத்தும் உள்ள பணித் தாள்கள், மனிதவளப் பிரிவிலிருந்து வாங்கிய பயிற்சிப் பதிவு, முதலாளியின் கடிதம். எந்தெந்த ஸ்டேஷனில் வேலை செய்யத் தகுதி பெற்றீர்கள் என்பதைத் தொழிற்சாலைகள் பதிந்து வைத்திருக்கும். பலர் அதைக் கேட்பதே இல்லை. கம்பெனித் தாள் எதையும் அனுமதி பெற்ற பிறகே பிரதி எடுங்கள். மதிப்பீட்டாளர் கோப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் நேரில் செய்துகாட்டச் சொல்வார்.

இந்தக் கோப்புகள் பெரும்பாலும் தடுமாறுவது முதலாளியின் கடிதத்தில்தான். 'இவர் இங்கு 2019 முதல் பணியாற்றுகிறார், நல்ல ஊழியர்' என்ற கடிதத்தால் எந்தப் பணியும் நிரூபணமாகாது. நோஸில் உள்ள பணிகளின் பெயரிலேயே ஒரு வரைவை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம்.

கோர்ஸ்தான் தேவை என்றால்

பாயான் லெப்பாஸில் 1989-இல் தொடங்கிய பி.எஸ்.டி.சி. எனும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளோடு நெருங்கி இயங்குகிறது. செபராங் பிறையில் பாலிடெக்னிக் உண்டு. நிபோங் தெபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: முடிவில் கிடைப்பது வருகைச் சான்றிதழா, தகுதிச் சான்றிதழா? உதாரணத்துக்கு, ஆலையின் மின் அமைப்புக்குப் பொறுப்பான சார்ஜ்மேன். ஆலைகள் தேடும் ஆள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்ததற்கான தாள் செல்லாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ்தான் செல்லும். அதிலும் ஏ வகை குறைந்த அழுத்த மின்சாரத்துக்கு, பி வகை உயர் அழுத்தத்துக்கு. நீங்கள் குறிவைக்கும் ஆலை எதைக் கேட்கிறது என்று தெரியாமல் கட்டணம் கட்ட வேண்டாம்.

வேலையில் இருக்கிறீர்களா? 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள, சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள் எச்.ஆர்.டி. கார்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு ஊதியத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்கானது. உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. மானிய விண்ணப்பத்தைக் கம்பெனிதான், அதுவும் பயிற்சி தொடங்கும் முன்பே, போட வேண்டும். நீங்கள் முதலில் கட்டிவிட்டு ரசீதோடு போனால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். திறன் சான்றிதழ்ப் படிப்புக்குச் சொந்தமாகக் கட்ட வேண்டியவர்கள் பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனைப் பற்றி விசாரிக்கலாம்.

வேலை போய்விட்டால்

ஆட்குறைப்பு நேரத்தில் 'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல கடிதம் தருகிறோம்' என்பார்கள். எழுதாதீர்கள். சொந்தமாக விலகியவருக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதி கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றவருக்கும் கிடையாது. ஆட்குறைப்புக்கும் வி.எஸ்.எஸ். எனும் விருப்ப விலகல் திட்டத்துக்கும் உண்டு.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விகிதம் மாதவாரியாக 80, 50, 40, 40, 30, 30 விழுக்காடு. 3,000 ரிங்கிட் சம்பளத்துக்கு முதல் மாதம் 2,400, அடுத்து 1,500, பிறகு இருமுறை 1,200, கடைசி இரண்டு மாதம் 900. சந்தா கட்டிய மாதங்கள் குறைவானால் ஆறு மாதமும் வராது. உங்களுக்குரிய தொகையை விண்ணப்பிக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை தேடியதற்கான ஆதாரத்தைத் தொடர்ந்து காட்ட வேண்டியிருக்கும். அனுப்பிய விண்ணப்பம், நேர்முக அழைப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமியுங்கள். இதே திட்டத்தில் பயிற்சிக் கட்டணமும் பயிற்சிக் காலப் படியும் உண்டு. இரண்டாவது மாதத்திலேயே தொகை இறங்கிவிடுவதால், பயிற்சி வேண்டுமா என்பதை முதல் மாதத்திலேயே முடிவுசெய்து சொக்சோ அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். அன்று போகும்போது அந்த முப்பது விளம்பரத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பயிற்சி என்று அவர் கேட்டால், பத்துக்கு மேல் கோடு விழுந்த வரியைக் காட்டலாம்.