பழைய எஸ்யூவி வாங்குகிறீர்களா? முதலில் அதன் எம்ஓடி வரலாற்றைப் படியுங்கள்

பிரிட்டனுக்கு வந்து வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒருவழியாக அமைந்ததும் அடுத்த பேச்சு காரைப் பற்றித்தான். நால்வர், ஐவர் உள்ள குடும்பம் என்றால் நிசான் காஷ்காய், கியா ஸ்போர்டேஜ், ஹோண்டா சிஆர்-வி போன்ற பழைய எஸ்யூவிகளில் கண் போகும். விளம்பரத்தில் 'பன்னிரண்டு மாத எம்ஓடி உண்டு' என்று ஒரு வரி இருக்கும். காருக்கு அரசாங்கமே ஜாமீன் நிற்கிற மாதிரி அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எம்ஓடி என்பது, கார் சாலையில் ஓட்டத் தகுந்ததா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் சோதனை. 1960இல் தொடங்கியது. கார் பதிவாகி 3 ஆண்டுகள் ஆனதும் முதல் சோதனை (வட அயர்லாந்தில் 4), பிறகு ஆண்டுதோறும். பிரேக், டயர், விளக்குகள், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், புகை, அடிப்பாகத் துரு எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் இன்ஜின் உள்ளே எப்படி இருக்கிறது, கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் இந்தச் சோதனையில் வராது. அடுத்த மாதம் கிளட்ச் போகப்போகிற கார்கூட இன்று சுலபமாகப் பாஸ் ஆகிவிடும்.

அப்படியானால் எதை நம்புவது? சான்றிதழைவிடச் சோதனை வரலாற்றை. காரின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் போதும், பழைய சோதனைகள் எல்லாம் இலவசமாக வரும். பாஸா ஃபெயிலா, எதில் குறை, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது என எல்லாம் இருக்கும். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று தரம் பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஃபெயில். 'இப்போதைக்குப் பரவாயில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுவது அட்வைசரி. பழைய கார் வாங்குகிறவருக்கு இந்த அட்வைசரிகள்தான் முக்கியம்.

கற்பனையாக ஒரு டீசல் எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். 2021இல் பின்பக்க பிரேக் பைப்பில் லேசான துரு என்று ஒரு அட்வைசரி. 2022இல் அதே வரி. 2023இல் அதோடு முன் இடது லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கிறது, இரண்டு முன் டயர்களும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கின்றன என்று சேர்ந்துகொண்டது. 2024இல் டயர் காரணமாக ஃபெயில், அன்று மாலையே பாஸ். 2025இல் மறுபடியும் டயர் உள்விளிம்புத் தேய்வு. என்ன நடந்திருக்கும்? ஃபெயில் ஆனதால் புது டயர் போட்டிருக்கிறார்கள். டயரைத் தின்கிற புஷ்ஷையும் வீல் அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் கோணம்) அப்படியே விட்டிருக்கிறார்கள். பிரேக் பைப்பை யாரும் தொட்ட மாதிரியே இல்லை. கட்டாயம் வந்தால்தான் காசை எடுக்கிற ஆள் வைத்திருந்த கார் இது. சான்றிதழ் புதிதாக இருந்தாலும் நான் இதைத் தொடமாட்டேன். மாறாக, ஒரு ஆண்டு பல்பு போய் ஃபெயில், இன்னொரு ஆண்டு பிரேக் பேட் அட்வைசரி வந்து அடுத்த ஆண்டு அந்த வரியே இல்லை என்றால் சந்தோஷமாகப் போய்ப் பாருங்கள்.

மைல் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தான் வேண்டும். இடையில் இறங்கினால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

எஸ்யூவி என்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. வண்டி கனம், சக்கரம் பெரிது. அதனால் புஷ், பால் ஜாயின்ட், டிராப் லிங்க் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள்தான் அதிகம் அடி வாங்கும். டயரும் சிறிய காரின் டயரைவிட விலை கூடியது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லி, குனிந்து முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கையில் புத்தம் புதிதாகத் தெரியும் டயர் உள்ளே மொட்டையாக இருக்கக்கூடும். சட்டப்படி டயரின் நடு முக்கால் அகலத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அடிப்பாகம் துருப்பிடிக்கும். அங்கே மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினால் சந்தேகப்படுங்கள். ஏழு இருக்கை வண்டியென்றால் கடைசி வரிசை பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள்; சோதனையில் அவையும் சேர்த்திதான்.

டீசலா பெட்ரோலா என்று கேட்டால், பள்ளிக்கும் கடைக்குமாக ஓடும் குடும்பத்துக்கு டீசல் வேண்டாம் என்பேன். குறுந்தூரமே ஓடினால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் அடைத்துக்கொள்ளும். செலவுக்குப் பயந்து சிலர் அதைக் கழற்றியே விடுவார்கள். அது எம்ஓடியில் ஃபெயில். லண்டனில் இன்னொரு தொல்லை, யூலெஸ்: புகைத் தரம் போதாத வண்டிகளுக்கு நாள் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா பரோக்களிலும் (நகரின் உள்ளாட்சிப் பகுதிகள்) இருக்கிறது. டீசல் என்றால் பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிந்தைய, யூரோ 6 என்ற புகைத் தரத்தில் உள்ள காராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காரை எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் அதை யாரோ வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கலாம்.

'புதுசா எம்ஓடி போட்டுத் தர்றேன்' என்று விற்பவர் சொன்னால், சரி, நான் சொல்லும் இடத்தில் போடுங்கள் என்று கேளுங்கள். சில ஊர்களில் கவுன்சிலே நடத்தும் சோதனை நிலையங்கள் உண்டு. பொதுமக்களின் காரைச் சோதிப்பார்கள், பழுது பார்க்கமாட்டார்கள். அதனால் இல்லாத குறையைச் சொல்லிச் சம்பாதிக்கும் வழியும் அங்கே இல்லை.

வாங்கியபின் எம்ஓடி காரோடு வந்துவிடும், சாலை வரி வராது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருமுன்பே இன்சூரன்ஸும் வரியும் உங்கள் பெயரில் போட்டாக வேண்டும். எம்ஓடி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம்; முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப்போவதற்கு விலக்கு உண்டு.

உங்கள் முறை வரும்போது, சாதாரணக் காருக்கு 54.85 பவுண்டுக்கு மேல் சோதனைக் கட்டணம் வாங்கக் கூடாது; பல கராஜ்கள் குறைத்தே வாங்கும். முதல் நாள் எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள், கண்ணாடி கழுவும் நீரை நிரப்புங்கள். அந்த நீர் இல்லாமலே ஃபெயில் ஆகிறவர்கள் இருக்கிறார்கள்! ஃபெயில் ஆனாலும் காரை அங்கேயே விட்டுச் சரிசெய்தால் 10 வேலை நாட்களுக்குள் மறுசோதனை இலவசம்.

கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். நவம்பர் 15இல் முடிகிறதென்றால் அக்டோபர் 16இலிருந்து எந்த நாளில் சோதித்தாலும் அடுத்த ஆண்டுத் தேதி நவம்பர் 15ஆகவே இருக்கும்.