முதல் கேமிங் கணினி: பிராசசரைப் பிறகு பார்க்கலாம்

கேம் விளையாடவும் படம் பார்க்கவும் வீட்டில் ஒரு கணினி சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கணினியின் மூளையான பிராசசரில்தான் தொடங்குகிறார்கள். இன்டெல் ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா என்ற விவாதத்திலேயே பாதிப் பணம் கரைந்துவிடும். நான் சொல்லும் வரிசை வேறு.

படி 1: திரை

ஃபுல் எச்டி திரையில் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் அதைப் போல நான்கு மடங்கு. கேம் ஓடும்போது இத்தனை பிக்சல்களையும் நொடிக்குப் பல முறை கிராபிக்ஸ் கார்டு (திரைக்கான படத்தை உருவாக்கும் பாகம்) புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது. அதனால் 4கே என்று முடிவெடுத்தால் கார்டின் விலையும் கூடவே ஏறும். படம் பார்ப்பது அப்படியல்ல. வீடியோவுக்கென்று சிப்புக்குள் தனிச் சுற்று இருக்கிறது. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்றைய பிராசசர்கள் தனிக் கார்டு இல்லாமலே 4கே படத்தைச் சிரமமின்றி ஓட்டும். 'வீட்டில் 4கே டிவி இருக்கிறதா, அப்படியானால் பெரிய கார்டு எடுங்கள்' என்று கடையில் சொன்னால் தலையாட்ட வேண்டாம். அதே டிவியில் படத்தை 4கே அளவிலும் கேமை ஃபுல் எச்டி அளவிலும் ஓட்டலாம். மேசைக்கு என்றால், 24 அங்குல ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் முதல் கணினிக்குத் தாராளம்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

பட்ஜெட்டின் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். ஃபுல் எச்டிக்கு 8 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 போன்ற கார்டு போதும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். யூடியூப் அதிகம் பயன்படுத்தும் ஏவி1 என்னும் வடிவிலான வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி அதில் கிடையாது. பழைய மதர்போர்டில் பொருத்தினால் கேம் வேகமும் குறையும். கார்டுக்கு இப்போது பணமில்லை என்றால், உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் கொண்ட ஏஎம்டி ரைசன் 5 8600ஜி பிராசசரை வாங்கி இலேசான கேம்களோடு தொடங்குங்கள். கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படி 3: பிராசசரும் மதர்போர்டும்

பிராசசரையும், எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் பொருந்தாவிட்டால் எதுவுமே நடக்காது. ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் என்பது நிதானமான கூட்டணி. ஆறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) போதும். இன்டெல் வாங்குவதானால் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

படி 4: ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். கேம்களையும் கோப்புகளையும் சேமிக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்று.

படி 5: எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி)

'கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம்' என்றால் அந்தக் கேபினெட்டே (கணினியின் வெளிக்கூடு) வேண்டாம். கணினியில் எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கக்கூடிய பாகம் இது ஒன்றுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 20 ஆம்பியர்தான் என்றால் 240 வாட், மேலே 450 என்று எழுதியிருந்தாலும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது சான்று அல்ல. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு இழுப்பது 115 வாட்தான், ஆகவே ஐந்தாண்டு வாரண்டியுள்ள நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். வீட்டு பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இருப்பதற்குப் பெரும்பாலும் எர்த் இல்லாததே காரணம்.

கேபினெட்டைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். காற்று தடையின்றி வந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். படம் பார்க்கும்போது இரைச்சல் குறையும்.

படி 6: வாங்குவது

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவோ, உள்ளூர்க் கடையோ, இணையமோ, விலைப்பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண் இருக்க வேண்டும். '16 ஜிபி ரேம்', '500 வாட் எஸ்எம்பிஎஸ்' என்று மொட்டையாக எழுதினால், கடையில் மிஞ்சியிருப்பதுதான் உங்கள் பெட்டிக்குள் போகும். பில்லில் சீரியல் எண்களும் இருந்தால் வாரண்டிக்கு அலையும்போது உதவும்.

படி 7: இயக்கிய பிறகு

எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) 'எக்ஸ்போ' அல்லது 'எக்ஸ்எம்பி' அமைப்பை இயக்கினால்தான் ரேம் அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டர் இன்னும் 60 ஹெர்ட்ஸில் நிற்கக்கூடும், 144க்கு மாற்றுங்கள். டிவியோடு இணைத்திருந்தால் அதன் 'கேம் மோட்' இயக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதமாகத்தான் திரையில் அசைவு தெரியும்.